ஏகாதசியும் ஜப்பான் விஞ்ஞானியும்

குழு: கீழத்தெரு குடும்பம்

காலை 5:48 – ராமு பெரியப்பா
பலமுறை பகிரப்பட்டது
*ஏகாதசி விரதம் இருந்தால் புற்றுநோய் செல்கள் தாமாகவே செத்துவிடும்! கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு. நம் முன்னோர் அன்றே சொன்னது. 10 பேருக்கு அனுப்பவும்.*

5:51 – சுந்தரி சித்தி
அருமை மாமா. ஓம் நமோ நாராயணா.

6:20 – முரளி
மாமா, இதையே யாரோ அம்மாவுக்குப் போன வாரம் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. இந்தச் சுற்றுக் கீமோ முடிந்து இப்போதுதான் வாய்க்கு ருசி திரும்பியிருக்கிறது. நித்யா, லேபுக்குக் கிளம்புவதற்குள் கொஞ்சம் சொல். நான் சொன்னால் எடுபடவில்லை.

6:24 – ராமு பெரியப்பா
விரதம் நல்லதுதானே? நோபல் பரிசு பொய்யா?

6:41 – நித்யா
பரிசு நிஜம் பெரியப்பா. யோஷினோரி ஓசுமி, 2016, மருத்துவத்துக்கான நோபல். ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ஈஸ்ட்டை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்.

6:44 – நித்யா
ஈஸ்ட் செல்லுக்குள் பழசைக் கரைக்கிற ஒரு பை உண்டு. கரைக்கும் என்சைம் இல்லாத ஈஸ்ட்டாகப் பார்த்து எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அந்தப் பைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் சேர்ந்து துள்ளுவது மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது. செல் தன் சொந்தச் சரக்கையே பொட்டலம் கட்டி உள்ளே தள்ளியிருக்கிறது. கரைக்க ஆள் இல்லாமல் அப்படியே தேங்கிவிட்டது. இதுதான் ஆட்டோஃபேஜி, அதாவது தன்னைத்தானே தின்பது. இதற்கு வேண்டிய 15 ஜீன்களை 1993-ல் அடையாளம் காட்டினார்.

6:47 – ராமு பெரியப்பா
தன்னைத்தானே தின்றால் கேன்சர் செல்லும் சாகத்தானே வேண்டும்?

6:52 – நித்யா
சாகாமல் இருக்கத்தான் தின்கிறது. அந்த ஜீன்கள் கெட்டுப்போன ஈஸ்ட்தான் பட்டினியில் சீக்கிரம் செத்தது. புற்றுநோய் செல்லிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கட்டி வருவதற்கு முன்பு செல்லைச் சுத்தமாக வைத்துக் காவல் காக்கும். வந்த பிறகு, ரத்தம் சரியாக எட்டாத இடத்திலும் கட்டி பிழைத்துக்கிடக்க உதவும். ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்கிற மருந்தைக் கீமோவோடு சேர்த்தே நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள்.

6:53 – முரளி
ஃபார்வர்டுக்கு நேர் எதிர்!

7:02 – மல்லிகா அத்தை
எல்லாம் சரி நித்யா. கட்டி சர்க்கரையைத் தின்றுதான் வளர்கிறது என்று பெட் ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் சோற்றை விட்டேன்.

7:09 – நித்யா
அத்தை, அதில் பாதி உண்மை. ஸ்கேனுக்கு முன்னால் போட்ட ஊசியில் இருந்தது கதிரியக்கம் ஏற்றிய, குளுக்கோஸ் மாதிரியான பொருள். பெரும்பாலான கட்டிகள் அதை அள்ளி இழுக்கும், படத்தில் பளிச்சென்று தெரியும். கட்டிக்கு இந்தச் சர்க்கரைப் பசி உண்டு என்று ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். ஆனால் அதே படத்தில் மூளையும் பளிச்சென்றுதான் இருக்கும்.

7:11 – நித்யா
நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை தீராது. தசையைக் கரைத்தாவது ஈரல் செய்து கொடுத்துவிடும். கட்டி தன் பங்கை வாங்கிக்கொள்ளும், இளைப்பது நீங்கள்தான். தசை போனால் கீமோவைத் தாங்குவது கஷ்டம்.

7:15 – ராமு பெரியப்பா
பட்டினியால் ஆயுள் கூடும் என்று நீயேதானே தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய்?

7:22 – நித்யா
அது எலிக்குச் சொன்னது பெரியப்பா. எங்கள் லேபில் பார்ப்பது எம்டார் என்கிற புரதம். சாப்பாடு வந்தால், அதாவது இன்சுலினும் அமினோ அமிலமும் வந்தால், செல்லை வளரச் சொல்லும். இல்லாவிட்டால் அடங்கும், ஆட்டோஃபேஜி தொடங்கும். பல புற்றுநோய்களில் இது அடங்கவே அடங்காது. இதை அடக்கும் ராபமைசின் என்கிற மருந்து ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. அது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று 1991-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் மைக்கேல் ஹால் குழு கண்டுபிடித்தது, அதுவும் ஈஸ்ட்டில்தான். 2009-ல் வெளிவந்த ஆய்வில் 600 நாள் வயதான கிழட்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள், ஆயுள் கூடியது.

7:24 – ராமு பெரியப்பா
இங்கே கிடைக்குமா?

7:26 – நித்யா
கிட்னி மாற்றியவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கிற மருந்து பெரியப்பா. வாய்ப்புண் வேறு வரும். அந்த எலிகள் சுத்தமான கூண்டில் இருந்தன, நீங்கள் தினமும் மீன் மார்க்கெட் போகிறீர்கள்.

7:27 – முரளி
மாமா ஆஃப்லைன்.

7:33 – மல்லிகா அத்தை
அப்போ ஏகாதசி?

7:36 – நித்யா
கீமோ முடியும் வரை பெருமாள் பொறுத்துக்கொள்வார் அத்தை. பருப்பு, தயிர், முட்டை என்று புரதம் இருக்கட்டும். எவ்வளவு என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். இவ்வளவு நாள் ராத்திரி சாப்பிடாததையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

7:40 – மல்லிகா அத்தை
முட்டை வாடையே ஆகவில்லை. சுந்தரி, பருப்புப்பொடி அரைத்தாயே, மிச்சம் இருக்கிறதா?

7:41 – சுந்தரி சித்தி
இருக்கிறது அண்ணி. காரம் குறைத்து வேறாக அரைத்துத் தருகிறேன், வாய் எரியாது. முரளி, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்.