சோறு தின்னும் நாய்க்குத் தானியமற்ற பிஸ்கட்: எங்கள் அனுபவங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து:

எங்கள் ஜிம்மிக்கு இப்போது ஆறு வயது. லாப்ரடோர் கலப்பு, நிறை ஏறக்குறைய 20 கிலோ. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் அவன் காதுகளைச் சொறியத் தொடங்கினான். முதலில் வெயிலின் கடி என்று நினைத்தோம். பிறகு பாதங்களை இரவு முழுவதும் நக்கினான். விரல்களுக்கிடையே இருந்த வெள்ளை மயிர் துரு நிறமாக மாறியது. கோதுமைதான் காரணம் என்று யாரோ சொன்னதை நம்பி, மேரி பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, ‘தானியமற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட வெளிநாட்டுப் பக்கற் ஒன்றை வாங்கினேன். ஒரு மாதம் கழிந்தும் சொறிச்சல் சற்றும் குறையவில்லை.

கால்நடை வைத்தியர் முதலில் தெள்ளு, உண்ணி ஏதும் இருக்கிறதா என்று மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு காதைத் திருப்பி உள்ளே சிவந்திருந்ததைக் காட்டினார். அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டபோது, காலையும் மாலையும் சோறும் கோழிக்கழுத்தும், இடையில் தானியமற்ற பிஸ்கட்டும் என்று சொன்னேன். “அம்மா, சோறு தானியமில்லையா?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு நேரமும் அரிசியைத் தின்னும் நாய்க்கு இடையில் கொடுக்கும் ஒரு துண்டில் மட்டும் தானியத்தை நீக்குவதால் என்ன பயன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து பக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தேன். சேர்மானங்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன என்பதை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். முதலாவது கோழி மா; அதன்பின் பட்டாணி மா, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று ஒரே பொருள் மூன்று பெயர்களில் பிரிந்து நின்றது. மூன்றையும் கூட்டினால் கோழியைவிடப் பட்டாணியே அதிகமாக இருந்திருக்கக்கூடும். அட்டையின் முன்பக்கம் உள்ளே எது இல்லை என்பதை மட்டும் சொல்லியிருந்தது. எது இருக்கிறது என்பதை அறியப் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நாய்களின் உணவு ஒவ்வாமை குறித்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 297 நாய்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் மாட்டிறைச்சி 34 சதவீதத்துக்கும், பாற்பொருட்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் காரணமாக இருந்தன; அரிசியும் மீனும் தலா 2 சதவீதம் மட்டுமே. கோதுமை குற்றமற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் சொறிகிற நாயைக் கண்டதும் கோழியை விட்டுவிட்டுக் கோதுமையை மட்டும் பிடிப்பது பிழை என்பது தெளிவு.

அம்மாவுக்கு மீன் ஒத்துக்கொள்ளாததால் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதேயில்லை. ஜிம்மி மீனை முன்பு தின்றதில்லை என்பது சோதனைக்கு வசதியாகிவிட்டது. எட்டுக் கிழமைகளுக்கு அவித்த மீனும் வற்றாளங்கிழங்கும் (சர்க்கரைவள்ளி) தவிர வேறொன்றும் கொடுக்கக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. இடையில் கொடுக்கும் துண்டும் அதே இரண்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு பிஸ்கட் தவறினாலும் கணக்கைத் திரும்பத் தொடங்க நேரிடும் என்றார். ஆறாம் கிழமையில் நக்குவது நின்றது. எட்டுக் கிழமை முடிந்தபின் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தோம். சோற்றுக்கு ஒன்றுமில்லை, கோதுமைக்கும் ஒன்றுமில்லை, கோழி கொடுத்த மூன்றாம் நாளே காது சிவந்தது.

அந்த நாட்களில் செய்யப் பழகிய வற்றாளங்கிழங்கு வற்றலை இன்னும் செய்கிறேன். திருநெல்வேலிச் சந்தையில் சிவப்புத் தோல் கிழங்கை வாங்கி, தோல் சீவி, அரைவிரல் தடிப்பில் நீளவாக்கில் வெட்டி, அரைவேக்காடாக அவித்து, சுளகில் பரப்பி, மேலே வலை போட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால், வளைத்தால் வளையும் ஆனால் ஒடியாத பதம் வரும். ஜிம்மி அதை இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு பக்கக் கடைவாயால் மெதுவாக இழுத்து இழுத்துத் தின்பான். கார்த்திகை மழையில் ஒருமுறை இதைச் செய்யப்போய், மூன்றாம் நாள் ஓரங்களில் பச்சைப் பூஞ்சணம் கண்டு முழுவதையும் கொட்டினேன். மாரிகாலத்தில் காயவைக்க முயலாமல், அவித்த துண்டாகவே அன்றன்றைக்குக் கொடுப்பது நல்லது.

குருநகரிலிருந்து:

அக்கா எழுதியதை வாசித்தபின் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மீன் நல்லது, தானியமும் இல்லை என்று எண்ணி, வீட்டிலிருந்த நெத்தலிக் கருவாட்டை ஒரு கைப்பிடி எங்கள் நாய்க்குப் போட்டேன். அன்றிரவு அது வாளித் தண்ணீரைக் காலியாக்கிவிட்டு முற்றத்தில் இரண்டு தரம் சத்தி எடுத்தது. கருவாட்டில் உள்ள உப்பைப் பற்றி மீன் விற்கும் தெருவிலேயே பிறந்து வளர்ந்த நான் யோசிக்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது விடியற்காலையில் பச்சை நெத்தலியை வாங்கி, கழுவி, உப்பும் மஞ்சளும் எண்ணெயும் இல்லாமல், தடித்த இரும்புச் சட்டியில் மிகக் குறைந்த நெருப்பில் ஈரம் முழுவதும் போகும்வரை பிரட்டி எடுக்கிறேன். கையில் எடுத்து நொறுக்கினால் முள்ளும் சேர்ந்து தூளாக வேண்டும். அப்படித் தூளாகாத பெரிய மீனை இந்த முறையில் கொடுக்கக்கூடாது. சமைத்த கோழி எலும்பு, ஆட்டெலும்பு எதையும் கொடுப்பதில்லை. அவை கூராகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

கோப்பாயிலிருந்து:

நாங்கள் வளர்ப்பது கோல்டன் ரிட்ரீவர். கனடாவிலிருக்கும் மகள் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் தானியமற்ற பிஸ்கட்டுகளைப் பெட்டியில் கொண்டுவருவாள். அதே வகை உலர் உணவையும் கொழும்பிலிருந்து எடுப்பித்து நாள்தோறும் கொடுத்து வந்தோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில், பட்டாணி, பருப்பு, பிற அவரையின விதைகள், உருளைக்கிழங்கு ஆகியவை முதன்மைச் சேர்மானங்களாக உள்ள உணவுகளை உண்ட நாய்களில் இதயத் தசை பலவீனமடைந்து இதயம் விரியும் நோய் அறிவிக்கப்பட்டிருப்பதாகவும், அதை ஆராய்வதாகவும் தெரிவித்ததை மகளே பிறகு எடுத்துச் சொன்னாள். 2019இல் வெளியான அறிக்கையில் அதிகம் குறிப்பிடப்பட்ட இனங்களில் எங்கள் இனமும் ஒன்று. உணவுதான் காரணம் என்று அந்த நிர்வாகம் முடிவாகச் சொல்லவில்லை; 2022 டிசம்பரில், புதிய அறிவியல் தகவல் கிடைக்கும்வரை இதுபற்றி மேலும் அறிவிக்கப்போவதில்லை என்று தெரிவித்தது.

எங்கள் நாயின் இதயத்தை வைத்தியர் சோதித்துக் குறையொன்றும் தெரியவில்லை என்று சொன்னார். ஆயினும் நாளாந்த உணவை மாற்றிவிட்டோம். எப்போதாவது கொடுக்கும் ஒரு துண்டுக்காக அஞ்ச வேண்டியதில்லை, முழு உணவாக மாதக்கணக்கில் கொடுப்பதுதான் கவலைக்குரியது என்பது வைத்தியரின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. நாய் ஓநாயின் வழி வந்தது, மாச்சத்து அதற்கு ஆகாது என்று விற்பவர்கள் சொல்வதையும் இப்போது நான் ஏற்பதில்லை. மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயில் பன்மடங்கு அதிகம் என்பது 2013இலேயே அறியப்பட்டுவிட்டது. மனிதரோடு வாழ்ந்து மனிதரின் சோற்றைத் தின்று வந்த பிராணி அது.

சாவகச்சேரியிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. தானியம் இல்லாததெல்லாம் நாய்க்கு ஆகும் என்று எண்ணிவிட வேண்டாம். முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தைப்பொங்கலன்று வாழையிலையோடு வெளியே போடும் பொங்கலில் அது கிடக்கும். வெங்காயமும் உள்ளியும் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பீனட் பட்டர் போத்தலில் சைலிட்டோல் என்ற இனிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். அது நாயின் சீனி அளவைச் சடுதியாகக் கீழே இறக்கும். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகக் கொடுக்கக்கூடாது. புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) மெல்லக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் நாய் அதன் தும்பை விழுங்கி இருமியதைப் பார்த்தபின் நான் கொடுப்பதில்லை.

திருநெல்வேலியிலிருந்து மீண்டும்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. குருநகர்த் தம்பியின் நெத்தலி முறையை இந்தக் கிழமையே செய்து பார்க்கிறேன். அம்மாவுக்கு மணம் படாமல் பின்வளவில் அடுப்பு மூட்ட வேண்டும்.

இடையில் கொடுக்கும் துண்டுகளை எவ்வளவு கொடுக்கலாம் என்று தனிப்பட ஒருவர் கேட்டிருந்தார். நாளுக்குரிய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதே வைத்தியர்கள் சொல்லும் அளவு. ஜிம்மியின் நிறையுள்ள நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 1000 கலோரி தேவை என்று கொண்டால், துண்டுகளுக்கு உரியது 100. அவித்த முட்டை ஒன்று அதில் முக்கால் பங்கை எடுத்துவிடும்; நான்கு மேரி பிஸ்கட் முழுவதையும் எடுத்துவிடும். அவித்த வற்றாளங்கிழங்கானால் 100 கிராமுக்குச் சற்று மேல் கொடுக்கலாம். கரட், பூசணி, விதை நீக்கிய பப்பாப்பழம் ஆகியவற்றில் கலோரி குறைவென்பதால் கொழுத்த நாய்க்கு அவையே நல்லவை.

கோதுமை ஜிம்மிக்கு ஒத்துக்கொள்வதால் காலையில் அம்மா கொடுக்கும் பாதி மேரி பிஸ்கட் திரும்ப வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர் வரும்போதுதான் சிரமம். கோழிக்குழம்பு தொட்ட ஒரு வாய்ச் சோற்றையும் மேசைக்குக் கீழே நீட்ட வேண்டாம் என்று, சாப்பாடு பரிமாறுவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.