புதுப்பிப்பு: டெட்வுட் முதல் யெல்லோஸ்டோன் வரை, போய் வந்துவிட்டோம்

அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவை அமெரிக்க மேற்கில் குடியேற்றக் காலத்தில் உருவான பழைய எல்லை ஊர்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வழிகாட்டியோடு பஸ்ஸில் அழைத்துப் போகலாமா என்று மே மாதம் கேட்டிருந்தேன். போகலாம், ஆனால் அவசரம் இல்லாத குழுவாகப் பாருங்கள்.

தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள டெட்வுட்டில் அப்பாவை நகர்த்தவே முடியவில்லை. 1876 ஆகஸ்ட் 2 அன்று, சீட்டாடிக்கொண்டிருந்த பிரபலத் துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்கோக்கைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்ற ஊர் அது. மவுண்ட் மொரையா கல்லறைத் தோட்டத்துக்கு ஏற்றம் கடுமை. அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஹிக்கோக்கின் கல்லறையருகே யாரோ சீட்டுகளையும் சில்லறையையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதே காலத்தில் புகழ்பெற்ற எல்லைப்புறப் பெண் கலாமிட்டி ஜேனின் கல்லறையும் பக்கத்திலேயே.

கோடி என்ற ஊரில் ஒரே இரவு. ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிகளை நடத்திப் புகழ்பெற்ற பஃபலோ பில் 1902இல் திறந்து, மகளின் பெயரை வைத்த இர்மா ஹோட்டலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில்தான் எனக்கு மனத்தாங்கல். ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும். நாங்கள் இறங்கியபோது அப்போதுதான் அடங்கியிருந்தது. வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டினார். அம்மா பெஞ்சை விட்டு எழவில்லை. பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம் என்று அப்போது எச்சரித்தவர்கள் சொன்னது சரி. ரொட்டியில் தடவிய புளிக்காய்ச்சல்தான் எங்களைக் காப்பாற்றியது.