ரொக்கத்துக்கு வண்டி வாங்கினேன், சிபில் ரிப்போர்ட்டில் மூன்று லோன் என்கொயரி. எப்படி நீக்குவது?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். வீட்டுக் கடனுக்குப் போகும் முன் சிபில் ரிப்போர்ட் (என் கடன் வரலாற்று அறிக்கை) எடுத்துப் பார்த்தேன். என்கொயரி பகுதியில், அதாவது கடன் விண்ணப்பத்துக்காக யார் என் விவரத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியலில், மூன்று வரி புதிதாக இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே தேதி, நோக்கம் டூவீலர் லோன், தொகை 95,000. ஒன்று வங்கி. மற்ற இரண்டும் நான் கேள்விப்படாத ஃபைனான்ஸ் கம்பெனிகள்.

நான் யாரிடமும் கடன் கேட்கவில்லை. அந்தத் தேதியில் ஒரு ஷோரூமில் மனைவிக்கு ஸ்கூட்டர் எடுத்தேன். முழுப் பணமும் என் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டேன். ஆர்சி-க்கு வேண்டும் என்று ஆதார், பான் ஜெராக்ஸ் வாங்கினார்கள், அவ்வளவுதான். ஸ்கோர் 781 இருந்தது, இப்போது 764. இதை எடுக்க வழி இருக்கிறதா? தெரிந்த ஒருவர் 4,000 ரூபாய் கொடுத்தால் "சிபில் க்ளீன்" செய்து தருவதாகச் சொல்கிறார்.

செல்வி_ஈரோடு:
அந்த 4,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவர் செய்யப்போவதும் நீங்களே இலவசமாகப் போடக்கூடிய டிஸ்ப்யூட்தான், அதாவது பதிவு தவறு என்று சிபிலிடம் கொடுக்கும் புகார். என் தம்பி ஒருமுறை இப்படி ஒருவரிடம் லாகின் பாஸ்வேர்டு வரை கொடுத்துவிட்டு அவஸ்தைப்பட்டான்.

கணக்குப்பிள்ளை63:
வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் என்கொயரியை விடுங்கள் தம்பி, அக்கவுண்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். உங்கள் பெயரில் புதிதாக லோன் ஏதாவது திறந்திருக்கிறதா? இருந்தால் கதையே வேறு, அன்றே 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதற வேண்டாம், ஸ்கோரில் இந்த 17 புள்ளி பெரிய விஷயமே இல்லை.

அடுத்து, சிபில் தானாக எதையும் அழிக்காது. நீங்கள் டிஸ்ப்யூட் போட்டால் அதை அந்தக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கும். அவர்கள் "ஆமாம், தவறாகப் போட்டோம்" என்றால்தான் வரி நீங்கும். அதனால் கம்பெனியையே நேராகப் பிடியுங்கள்.

திருப்பூர்க்காரன்:
பார்த்தேன் சார், புது லோன் எதுவும் இல்லை. உயிர் வந்தது.

டூவீலர்_ரவி:
நான் ஒரு ஷோரூமில் ஃபைனான்ஸ் டெஸ்க்கில் மூன்று வருடம் உட்கார்ந்தவன், அதனால் சொல்கிறேன். கேஷ் கஸ்டமர் என்று தெரிந்தாலும் சில இடங்களில் ஃபைலை லாகின் போட்டுவிடுவார்கள், அதாவது அவர் பெயரில் லோன் விண்ணப்பத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆஃபர் வந்தால் கஸ்டமர் மனம் மாறுவார், கமிஷன் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. ஒரு கம்பெனியில் போடுவதை மூன்றில் போடுவார்கள். அன்றைக்கு உங்களிடம் ஓடிபி ஏதாவது கேட்டார்களா? மெசேஜ் பெட்டியில் அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள். விடையே அங்கேதான் இருக்கும்.

திருப்பூர்க்காரன்:
ரவி சார், சொன்னது சரி. 11.42-க்கு ஒரு ஓடிபி வந்திருக்கிறது. "ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்று அந்தப் பெண் கேட்டது நினைவிருக்கிறது. மெசேஜை இப்போதுதான் முழுதாகப் படிக்கிறேன். உங்கள் கடன் விவரத்தைப் பார்க்கச் சம்மதம் தர இந்த ஓடிபி என்று எழுதியிருக்கிறது. அனுப்பியது இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனிகளில் ஒன்று. வங்கியிடமிருந்தும் இன்னொரு கம்பெனியிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை63:
அப்படியானால் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஓடிபி கொடுத்த இடத்தில் அவர்கள் கையில் சம்மதப் பதிவு இருக்கிறது. அங்கே "நான் எதுவுமே கொடுக்கவில்லை" என்று எழுதினால் பதிவை எடுத்து நீட்டுவார்கள், உங்கள் பேச்சு எடுபடாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், கிடைத்தால் லாபம். மற்ற இரண்டும்தான் உங்களுக்குப் பலமான கேஸ்.

அந்த இருவரின் இணையதளத்திலும் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் இருக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். சுருக்கமாக இப்படி எழுதலாம்: "இந்தத் தேதியில் என் பான் எண்ணில் டூவீலர் லோன் விசாரணை பதிவாகியுள்ளது. நான் விண்ணப்பிக்கவில்லை. என் சம்மதத்துக்கான ஆதாரம், விண்ணப்பப் படிவம், கொண்டுவந்த டீலர் விவரம் ஆகியவற்றை அனுப்புங்கள். இல்லையெனில் எல்லாக் கடன் தகவல் நிறுவனங்களிலும் இதை நீக்கச் சொல்லி எனக்குக் கடிதம் தாருங்கள்." ஷோரூம் ரசீதையும் பணம் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டையும் இணையுங்கள். ஆதார் நகலைத் திரும்ப அனுப்ப வேண்டாம், பட்டது போதும்.

அதே நாளில் சிபில் தளத்திலும் டிஸ்ப்யூட் போடுங்கள். 2005-ம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், 21-வது பிரிவுப்படி 30 நாளில் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. 21 நாளுக்குள் கம்பெனி பதில் அனுப்பவில்லை என்றால் அவர்கள் தலையில், அதற்குப் பிறகு தாமதித்தால் கடன் தகவல் நிறுவனத்தின் தலையில்.

செல்வி_ஈரோடு:
சிபில் மட்டும் இல்லை அண்ணா. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்கும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். வீட்டுக் கடன் தரும் வங்கி எதைப் பார்க்குமோ தெரியாது, நான்கையும் எடுத்துப் பாருங்கள். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்தால் ஸ்கோர் குறையாது.

திருப்பூர்க்காரன்:
எடுத்தேன். சிபிலில் மூன்று, இன்னொன்றில் ஒன்று, மீதி இரண்டும் சுத்தம். மெயில்கள் போய்விட்டன. ஷோரூம் மேனேஜரையும் பார்த்தேன். "அதெல்லாம் சிஸ்டமில் ஆட்டோமேட்டிக் சார்" என்றார். டீ மட்டும் நன்றாக இருந்தது.

திருப்பூர்க்காரன்:
அப்டேட். வங்கி 9-ம் நாளே பதில் போட்டது. டீலர் வழியாக வந்த விண்ணப்பம், வாடிக்கையாளர் சம்மதப் பதிவு கிடைக்கவில்லை, நீக்கச் சொல்லிவிட்டோம் என்று. சொன்னபடி நீங்கிவிட்டது. ஓடிபி வராத ஃபைனான்ஸ் கம்பெனி வாயே திறக்கவில்லை. குறைதீர்ப்பு அதிகாரிக்கு 22-ம் நாள் நினைவூட்டல் அனுப்பினேன், அந்த 100 ரூபாய் விஷயத்தையும் 30 நாள் முடிந்ததும் ரிசர்வ் வங்கியின் குறைகேட்பு அதிகாரியான ஓம்புட்ஸ்மனுக்குப் போவேன் என்பதையும் சேர்த்து. 26-ம் நாள் அந்த வரியும் போனது. மூன்றாவது கம்பெனி ஓடிபி பதிவை நேரத்தோடு அனுப்பி, நீக்க முடியாது என்றுவிட்டது. 11.42 என்றுதான் அதிலும் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை63:
ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக் கடன் ஃபைலில், வண்டியை ரொக்கத்துக்கு வாங்கினேன், இந்த விசாரணையில் கடன் எதுவும் பெறவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, ரசீதோடு வையுங்கள். நான் மேசையில் இருந்த காலத்தில் இப்படிக் கடிதம் இருந்தால் மேற்கொண்டு கேட்டதில்லை.

திருப்பூர்க்காரன்:
வைத்துவிட்டேன் சார். வங்கியில் அந்த மேடம் கேட்ட ஒரே கேள்வி, "எந்த ஷோரூம்?" அவர் தங்கைக்கு வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.