மறு: ‘நரம்புச் செவிடு’க்கு மாற்றுச்சொல்

> ‘நரம்புச் செவிடு’ மக்கள் வாயில் பழகிவிட்டது. அதையே கலைச்சொல்லாக வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, வணக்கம்.

வேண்டாம் என்பேன். இந்தப் பெயர் சூட்டப்படுவோரில் பெரும்பாலோருக்குப் பழுது நரம்பில் இல்லை, உட்செவியின் சுருள் உறுப்பான காக்லியாவில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களில் இருக்கிறது. கேட்கும் திறனைப் பதியும் வரைபடமான ஆடியோகிராம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஹெட்ஃபோன் வழியாக எவ்வளவு சன்னமான ஒலி கேட்கிறது, காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்த அதிர்வி வழியாக எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் ஒப்பிடும். காற்றுவழி (ஹெட்ஃபோனில்) 50 டெசிபல், எலும்புவழி (அதிர்வியில்) 10 என்றால் தடை புறச்செவியிலோ நடுச்செவியிலோ. அது கடத்தல் இழப்பு. இரண்டும் 50ஐ ஒட்டி வந்தால் பழுது அதற்கும் உள்ளே. காற்றுவழி 65, எலும்புவழி 35 என்றால் கலப்பு.

‘உள்ளே’ என்பதற்கு மேல் தெரியாத நிலையில் நரம்பின் மேல் பழி போடக் கூடாது. 30 டெசிபல் குறைந்தவரைச் செவிடு என்பதும் தவறு. ‘உட்செவி-நரம்புக் கேட்பிழப்பு’ (sensorineural hearing loss) என்று முன்மொழிகிறேன்.

---

> உட்செவி-நரம்புக் கேட்பிழப்பு

எனக்கு உடன்பாடு, அம்மா. கூடவே ‘மறைப்பிரைச்சல்’ (சோதிக்காத காது குறுக்கே கேட்டுவிடாமல் இருக்க அதில் கொடுக்கும் இரைச்சல்) என்பதையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் மேலே சொன்ன கணக்கே தப்பிப்போகும். எலும்பில் கொடுக்கும் அதிர்வு மண்டையோடு முழுக்கப் பரவி, எதிர்க்காதின் காக்லியாவை ஏறக்குறைய குறையாமலே எட்டும். ஒரு காது அறவே கேட்காதவருக்கு, நல்ல காதில் குறுகிய பட்டை இரைச்சல் கொடுக்காமல் சோதித்தால், கேட்காத காதின் எலும்புவழி 10 என்று பதிவாகிவிடும். பார்ப்பவர் கடத்தல் இழப்பு என்று நினைத்து நடுச்செவியில் கோளாறு தேடுவார். காது மேல் வைக்கும் ஹெட்ஃபோனிலும் சுமார் 40 டெசிபலுக்கு மேல் போனால் ஒலி எதிர்ப்பக்கம் கசியும்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் காதருகிலும் காதுக்குப் பின் எலும்பிலும் வைத்து ஒப்பிடும் ரின்னே சோதனையும் இப்படியே ஏமாற்றும். அப்போது வெபர் சோதனை கைகொடுக்கும். கவையை நெற்றி நடுவில் வைத்தால், கடத்தல் இழப்பில் ஒலி கெட்ட காதுப் பக்கம் ஒதுங்கும், உட்செவி-நரம்பு இழப்பில் நல்ல காதுப் பக்கம்.

---

இரண்டு சொல்லுக்கும் என் ஆதரவு. ஆனால் ‘நரம்பு’ என்பதைத் தனியே குறிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிலருக்கு ஓ.ஏ.இ. (otoacoustic emissions) சோதனையில் காக்லியாவின் வெளி மயிர்ச்செல்கள் எழுப்பும் எதிரொலி பதிவாகிறது. ஆனால் அதே காதில் பெரா (ஒலிக்குச் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுத்தால், உரத்த ஒலி கொடுத்தும் அலைகள் எழுவதில்லை, அல்லது சிதைந்து வருகின்றன. பச்சிளங்குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் எடுத்து ‘பாஸ்’ என்று அனுப்பினால் இது தப்பிவிடும். கடும் மஞ்சள்காமாலை வந்த குழந்தைக்குப் பெரா எடுத்தே ஆக வேண்டும் என்பது அதனால்தான்.

மாறாக, ஓ.ஏ.இ. வரவில்லை என்றதும் காக்லியாவைக் குறை சொல்லிவிடக் கூடாது. நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் வராது. முதலில் டிம்பனோமெட்ரி (காதுக்குழாயில் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை) பாருங்கள். காதுக்குழாயின் கொள்ளளவு சரியாக இருந்து வரைபடம் தட்டையாக வந்தால் பெரும்பாலும் நீர்தான். கொள்ளளவு மிகுந்திருந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இச்சோதனையின் வழக்கமான 226 ஹெர்ட்ஸ் ஒலியை நம்ப வேண்டாம், 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

‘செவிநரம்புக் கோளாறு’ என்பதை இந்த ஓ.ஏ.இ.-பெரா முரணுக்கு மட்டும் ஒதுக்கலாம். அங்கேயும் சிலருக்குப் பழுது உள் மயிர்ச்செல்லும் நரம்பும் சேரும் இடத்தில் இருப்பதால், ‘செவிநரம்புக் கோளாறுத் தொகுதி’ என்று பதிந்தால் இன்னும் பொருந்தும்.