பேட்டரி வயரைக் கழற்றினால் இன்ஜின் கம்ப்யூட்டர் உண்மையிலேயே ரீசெட் ஆகுமா?

மலைப்பாதை:

2015 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர். போன மாதம் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் மட்டும் லேசாக உதறுகிறது. எங்கள் தெரு மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார், வந்து மாட்டினார், லைட் போய்விட்டது, காசும் வாங்கவில்லை. அந்த வாரமே மறுபடி எரிகிறது. இன்னொரு இடத்தில் பானெட்டைக்கூடத் திறக்காமல் ஆக்சிஜன் சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வயரைக் கழற்றுவது கம்ப்யூட்டரை ரீசெட் செய்கிறதா, இல்லை லைட்டை மட்டும் அணைக்கிறதா? நானே வீட்டில் செய்யலாம் என்றால் எவ்வளவு நேரம் கழற்றி வைக்க வேண்டும்? அடிக்கடி செய்தால் ஏதாவது கெடுமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

இரண்டும்தான் நடக்கிறது, ஆனால் வண்டியைப் பொறுத்தது. ஈசியூவுக்குள், அதாவது நீங்கள் சொல்லும் இன்ஜின் கம்ப்யூட்டருக்குள், இரண்டு விதமான நினைவகம் உண்டு. நிறுவனம் ஏற்றிய புரோகிராம், இம்மொபிலைசர் (வேறு சாவியால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) சாவி விவரம் எல்லாம் கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. ஓட ஓட அது தானாகக் கற்றுக்கொள்ளும் கணக்குகள், அதாவது பெட்ரோல் எவ்வளவு கூட்ட வேண்டும் குறைக்க வேண்டும், ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம், பழைய வண்டிகளில் பேட்டரி கரண்டை நம்பித்தான் நிற்கும். வயரைக் கழற்றினால் அவையும், என்ன கோளாறு என்று ஈசியூ குறித்துவைக்கும் எர்ரர் கோடும் சேர்ந்து போய்விடும். புது வண்டிகள் பலவற்றில் கோடும் அழியாத இடத்தில்தான் எழுதப்படுகிறது, ஒரு ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தாலும் அப்படியே இருக்கும்.

செய்தே ஆக வேண்டும் என்றால் இக்னிஷனை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் தொட்டால் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதும் பொறி பறக்கும். கால் மணி முதல் அரை மணி நேரம் போதும். மாட்டும்போது மைனஸ் கடைசி. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள், சென்ட்ரல் லாக் சில வண்டிகளில் வயரை மாட்டியவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

டீசல் சித்தப்பா:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் யார் சொன்னாலும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று அந்தக் காலத்தில் செய்வார்கள். இப்போதைய வண்டியில் வோல்டேஜ் எகிறினால் ஈசியூவே போய்விடும், அதன் விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம். மற்றபடி கடிகாரம் அழியும், சில ரேடியோ கோட் கேட்கும், பவர் விண்டோவின் ஒரே அழுத்தில் ஏறும் வசதி போய்விடும், கண்ணாடியை மேலே ஏற்றி பட்டனை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் கொஞ்ச நாளைக்கு கியர் மாறும்போது இடிக்கலாம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. டீசல்காரர்கள் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) அடைப்புக்கு இந்த வைத்தியம் செய்வதைப் பார்க்கிறேன், புகைக்கரி ஃபில்டருக்குள் இருக்கிறது, வயரைக் கழற்றினால் அது எங்கே போகும்?

ஓபிடி ரசிகன்:

வயரைக் கழற்றலாமா என்று பேசுவதற்கு முன்னால், என்ன கோட் என்று யாராவது பார்த்தீர்களா? அந்த லைட் எரிந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, இன்ஜின் லோடு எல்லாவற்றையும் ஈசியூ ஒரு படம் மாதிரிப் பிடித்து வைக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். உங்கள் மெக்கானிக் டீ குடித்த நேரத்தில் அழிந்தது அதுதான். காசு வாங்கவில்லை என்கிறீர்கள், இருந்த ஒரே தடயத்தை எடுத்துக்கொண்டாரே!

2013 ஏப்ரலிலிருந்து நம் ஊர் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் குறித்துவைக்கும் முறை) கட்டாயம், அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் பெரும்பாலும் இருக்கும். ஆன்லைனில் கிடைக்கும் சின்ன ப்ளூடூத் அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும். கோடைப் படியுங்கள், ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். அமெரிக்காவில் புகைப் பரிசோதனைக்குப் போகும் வழியில் பேட்டரியைக் கழற்றி லைட்டை அணைக்கும் பழக்கம் இருந்ததால்தான் 2010 மாடல்களிலிருந்து படிப்படியாக ‘நிரந்தரக் கோட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்கேனர் போட்டாலும் அது அழியாது, கோளாறு சரியாகிவிட்டது என்று ஈசியூவே சோதித்துப் பார்த்துத்தான் அழிக்கும்.

இன்னொன்று. லைட் நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும், அப்படி மின்னினால் ஓரம் கட்டிவிடுங்கள்.

மலைப்பாதை:

நன்றி நண்பர்களே. அடாப்டர் வாங்கிப் போட்டேன். பி0171 என்று காட்டுகிறது. லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் என்ற இடத்தில் ஐடிலில் +21, ஆக்சிலேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ஐந்துக்குக் கீழே வருகிறது. அப்படியானால் ஆக்சிஜன் சென்சார்தானா?

ஓபிடி ரசிகன்:

சென்சார் மேல் கை வைக்காதீர்கள். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆள், சொன்னவனையே பிடித்து அடிப்பது என்ன நியாயம்? ஐடிலில் +21 என்றால் வழக்கத்தைவிட 21 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றித்தான் ஈசியூ சமாளிக்கிறது. ஆர்பிஎம் ஏறினால் குறைகிறது என்பதால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் மேல் சந்தேகம் குறைவு, அவை பழுது என்றால் லோடு ஏற ஏற எண் கூடும். கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நான் சொல்வது சரியாகப் பொருந்தும். மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் மேனிஃபோல்டு ஓட்டை வேறு மாதிரிக் காட்டும், ஐடில் ஆர்பிஎம் ஏறி நிற்கும்.

பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் கசியும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இந்த வரிசையில் பாருங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். புகை விட்டுச் சோதிக்கும் மெஷின் உள்ள இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. சூடான இன்ஜின் மேல் கார்ப் க்ளீனர் அடித்துப் பார்க்கும் வேலை வேண்டாம், தீப்பிடிக்கும்.

மலைப்பாதை:

மாஸ் ஏர்ஃப்ளோ இருக்கிறது. பிசிவி ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் இருக்கும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு வெடித்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. புது ஹோஸ் சொல்லியிருக்கிறேன். மாட்டிய பிறகு பேட்டரியைக் கழற்றட்டுமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

வேண்டாம், ஆப்பிலேயே கோடை அழித்துவிடுங்கள், அதோடு பெரும்பாலும் பழைய ட்ரிம் கணக்கும் போய்விடும், கடிகாரமும் ரேடியோவும் தப்பிக்கும். அழிக்காமல் விட்டாலும், கோளாறு இல்லாமல் ஈசியூவின் அந்தச் சோதனை அடுத்தடுத்து மூன்று டிரைவ் சைக்கிள் (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு சைக்கிள்) தேறினால் லைட் தானாக அணையும். அழித்த முதல் நாள் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் நன்றாகச் சூடான இன்ஜினில் அந்த ட்ரிம் எண்ணைப் பாருங்கள், கூட்டலோ கழித்தலோ பத்துக்குள் நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் அடுத்தது மேனிஃபோல்டு கேஸ்கெட், எண்ணை இங்கே போடுங்கள்.