பார்ட்டகாஸ் ஷார்ட்ஸ் என்ற கியூபாச் சுருட்டைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஹவானாவில் கேப்பிட்டோலியோ என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால், இண்டஸ்ட்ரியா தெருவில் இருக்கிறது 1845-இல் தொடங்கிய பார்ட்டகாஸின் பழைய ஆலைக் கட்டடம். சுருட்டு உருட்டும் வேலை வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் போனபோது கீழே கடை மட்டும் நடந்துகொண்டிருந்தது. கடைக்குள் நுழையுமுன்னே "என் மச்சான் ஆலையில் வேலை பார்க்கிறான், பாதி விலைக்குத் தர்றேன்" என்று தெருவில் மடக்குவார்கள். அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

ஷார்ட்ஸ் சின்னது. நீளம் 110 மி.மீ., தடிமன் 42 ரிங். அங்குலத்தை 64 பாகமாக்கி அளக்கும் கணக்கு இது. 42 என்றால் ஏறக்குறைய 16.7 மி.மீ. நான் வாங்கியது மூன்று வருடப் பெட்டியிலிருந்து. பெட்டியின் அடியில் மாதத்துக்கு மூன்று எழுத்தும் வருடத்துக்கு இரண்டு எண்ணும் குத்தியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். புதுச் சுருட்டில் அமோனியா நெடி மூக்கில் ஏறும்.

விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன், எங்கும் கட்டி இல்லை. மேல் இலையில் ஒரு தடித்த நரம்பு தலையிலிருந்து பாதி வரை ஓடியது. அழகில்லைதான், ஆனால் எரிவதில் குறை வைக்கவில்லை. பற்றவைக்காமல் இழுத்தபோது காய்ந்த வைக்கோல் வாசம், கூடவே லேசான இனிப்பு.

முதல் நாலைந்து இழுப்பு சுத்த மிளகு. புகையைக் கொஞ்சம் மூக்கு வழியாக விட்டேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. (நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது என்று புதியவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.) ஒரு விரற்கடை எரிந்ததும் காரம் அடங்கி, கருக வறுத்த காப்பிக்கொட்டை வாசமும் தேவதாரு வாசமும் எழுந்தன. நடுப்பகுதியில் வாயோரம் உப்பும் அடிநாக்கில் கருப்பட்டியும். என்னைக் கேட்டால் காசு கொடுப்பதே அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

ஒல்லிச் சுருட்டில் உள்ளிருக்கும் இலையோடு ஒப்பிட்டால் மேல் இலையின் பங்கு கூடுதல், அதனால் அதன் ருசி தூக்கலாகத் தெரியும். ஆனால் அவசரப்பட்டால் கங்கு சூடேறிப் புகை காறிவிடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு விரற்கடையில் காட்டம் ஏறியது, அங்கேயே வைத்துவிட்டேன். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பத்துக்கு எட்டு கொடுப்பேன்.

பதில்:
எட்டு அதிகம் சார். எனக்கு முதல் பாதியில் மிளகைத் தவிர எதுவும் பிடிபடவில்லை. வெறும் வயிற்றில் பிடித்ததில் தலை வேறு சுற்றியது. சர்க்கரை போட்டு ஒரு காப்பி குடித்த பிறகுதான் எழுந்து நடந்தேன். சின்னதில் என் ஓட்டு மான்டேகிறிஸ்டோ 5-க்குத்தான். 102 மி.மீ., 40 ரிங், சாதுவானது. சின்னச் சுருட்டுக்குப் பெரிய ரசிகர் அமெரிக்க அதிபர் கென்னடி. 1962 பிப்ரவரியில் கியூபா மீது தடை போடுமுன், தன் செய்தித் தொடர்பாளர் சாலிஞ்சரை அனுப்பிப் 'பெத்தீ உப்மன்' (Petit Upmann) என்ற சின்னச் சுருட்டு வாங்கி வைத்துக்கொண்டார். 1,200 கிடைத்ததாம், சாலிஞ்சரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கையெழுத்து அதற்கப்புறம்தான்!

பதில்:
வேறொரு பிராண்டின் சின்னச் சுருட்டில் எனக்குப் புகையே வரவில்லை. கன்னம்தான் வலித்தது. உள்ளே இலை முறுக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சென்னைக்குக் கொண்டுபோகலாமா? வழியில் கெட்டுவிடாதா?

முதலில் எழுதியவர்:
வெறும் வயிற்றில் பிடித்தால் எதுவுமே சுற்றத்தான் செய்யும் தம்பி, சாப்பிட்டுவிட்டு ஒருமுறை பாருங்கள். சென்னைக்குக் கொண்டுபோகலாம். காற்றுப் புகாத டப்பா, உள்ளே 65 சதவீத ஈரப்பத பாக்கெட் ஒன்று. வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விடாதீர்கள். சூடு ஏறினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்து மேல் இலையில் ஊசித் துளை போட்டுவிடும்.