தொண்டை வலிக்கு 3 நாள் மருந்தா, 10 நாள் மருந்தா?

பட்டர்வொர்த்_அம்மா:
மகளுக்கு 6 வயசு. காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியலை. கிளினிக்ல அமோக்ஸிசிலின் கொடுத்து 10 நாள் ஊத்தச் சொல்றாங்க. போன தடவை வேற கிளினிக்ல அசித்ரோமைசின், 3 நாள்ல முடிஞ்சது. அமோக்ஸிசிலின் மாதிரி பழங்கால மருந்துக்குக் கிருமி பழகிடுச்சுங்கிறாங்களே, பிறகு ஏன் அதையே தர்றாங்க?

ஜெலுத்தோங்_மருந்தாளர்:
நேர்மாறுக்கா. தொண்டையைப் பிடிக்கிற ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா, பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து 80 வருஷமாகியும் அதுக்கு அடங்கித்தான் போகுது. அமோக்ஸிசிலினும் அதே குடும்பம். எதிர்ப்பு வளர்ந்தது எரித்ரோமைசின், அசித்ரோமைசின் பக்கம்தான். சில கிருமி உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிடும். சிலது மருந்து ஒட்டுற இடத்தையே மாத்திக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2024ல வெளியிட்ட, மருந்துக்கு அடங்காத கிருமிகளோட முன்னுரிமைப் பட்டியல்லயே இந்த எதிர்ப்புள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏறிடுச்சு. பெனிசிலின் ஒத்துக்காத பிள்ளைங்களுக்கு அசித்ரோமைசின் மிஞ்சணும்.

பிறை_குமார்:
நிமோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தானே அண்ணே? அதுல பலது பெனிசிலினுக்கே அடங்கலையே.

ஜெலுத்தோங்_மருந்தாளர்:
அது வேற இனம் தம்பி. பக்கத்துக் கிருமிகள்கிட்ட மரபணுத் துண்டு வாங்கி, பெனிசிலின் பிடிக்கிற புரதத்தை மாத்திக்கிச்சு. நிமோனியா, காதுவலி அதோட வேலை. அதுக்குத்தான் 2020 கடைசியிலிருந்து நம்ம மலேசிய அரசாங்கக் கிளினிக்ல குழந்தைங்களுக்கு இலவச ஊசி.

பிறை_குமார்:
சரி. ஆனா ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டு ஓடியாடுற பிள்ளைக்கு 10 நாள் யார் ஊத்துவா? பாதி பாட்டில் பிரிட்ஜ்ல கிடக்கும், அடுத்த மாசம் தம்பிக்கு ஊத்துவாங்க. நான் பார்க்காத வீடா! அதுக்கு 3 நாள் மருந்தை முழுசா கொடுக்கிறது மேல்.

ஜெலுத்தோங்_மருந்தாளர்:
3 நாள்ல முடியறது நம்ம வேலைதான். அசித்ரோமைசின் அதுக்கப்புறமும் பல நாள் உடம்புல கொஞ்சம் கொஞ்சமா தங்கும். அந்தக் குறைஞ்ச அளவுல எதிர்ப்புள்ள கிருமி தப்பிச்சுப் பெருகுது. 10 நாள் எதுக்குன்னா, தொண்டையில ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினா ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். கலக்கின பாட்டிலையும் அடுத்த மாசத்துக்கு வைக்கவே கூடாது, வீரியம் போயிடும்.

பட்டர்வொர்த்_அம்மா:
இது வைரஸா இருந்தா? பஞ்சுக்குச்சி வச்சு எடுத்துப் பார்க்கலையே.

ஜெலுத்தோங்_மருந்தாளர்:
இருமல், மூக்கொழுகல் இருக்கா? இருந்தா பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக்கே வேணாம்.

பட்டர்வொர்த்_அம்மா:
ரெண்டும் இல்ல. கழுத்துல நெறி கட்டியிருக்கு, உள்நாக்குப் பக்கம் வெள்ளையா படிஞ்சிருக்கு.

ஜெலுத்தோங்_மருந்தாளர்:
ஸ்ட்ரெப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாளைக்கே போய்ச் சோதனை கேளுங்க, அதுவரைக்கும் டாக்டர் சொன்னதை நிறுத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நல்லா குலுக்குங்க. மருந்து அடியில தங்கிடும்.

பிறை_குமார்:
அக்காவுக்குச் சரி. ஆனா நம்ம நாட்டுல பார்க்கிற டாக்டரே மருந்தும் விக்கிறாரு. அதை மாத்தாம அம்மாமாருக்கு மட்டும் பாடம் எடுத்தா, இருமலுக்கெல்லாம் அசித்ரோமைசின் போய்க்கிட்டேதான் இருக்கும்.